பூமிக்காக இடிப்பவர்

அடிலெய்டில் எங்கள் தெருவில் ஒரு வதந்தி. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில், தெருவிலேயே பசுமையான வீட்டைக் கட்டியவர் மதியமானால் காணாமல் போய்விடுகிறாராம். விசாரிக்கக் கிளம்பினேன். அதற்குமுன் அவருடைய இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

பசுமை இடிப்பாளர். காப்பிக்கடைக்குச் சொந்தக் கோப்பையோடுதான் போவார். வாழைப்பழத் தோலை ஒரு தொட்டியிலும் அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை இன்னொரு தொட்டியிலும் போடுவார். போகிற போக்கில், நூற்றிருபது வருடக் கல் வீட்டை, ஒன்றரை அடிச் சுவர்களோடும் இரும்பாய் இறுகிய ஜாரா மர உத்தரங்களோடும் மூன்றே நாளில் லாரியேற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்புவார். அதற்குத் தொட்டி கிடையாது. அந்தக் கல்லை வெட்ட, சுமக்க, அடுக்கச் செலவான சக்தி? அது தாத்தா காலத்துக் கணக்காம். கூரைக்குள் வெப்பம் தடுக்கும் பஞ்சு விரித்து, சன்னல் இடுக்கை அடைத்தால் பழைய வீடே போதுமே? போதும்தான். ஆனால் பஞ்சைப் படமெடுக்க எந்தப் பத்திரிகை வரும்?

எங்கள் தெருவில் இந்த இனத்துக்கு மாதிரி, லாக்லன் ஃபைஃபர். தெருச் சுற்றுச்சூழல் சங்கத் தலைவர். கடல் தெரியவேண்டுமென்று புது வீட்டின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தார். இந்த ஊரில் அது வெயிலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

அவர் இடித்த வீட்டின் இரட்டை, பக்கத்திலேயே நிற்கிறது. எழுபத்தாறு வயது நோரீன் அதில் முப்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறார். வீட்டு உரிமையாளர் அதையும் இடிக்க அனுமதி கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை நகரசபை முடிவு செய்யும். வேண்டாமென்று நகரசபைக்கு எழுதிய கடிதத்தில் தெருவே கையெழுத்துப் போட்டாயிற்று. தலைவர் மட்டும் போடவில்லை. சூழலியல்காரரே எதிர்க்காத இடிப்பை நகரசபை ஏன் தடுக்கும்?

நோரீன் கதவைத் திறந்தார். காலையிலேயே திரைகளை இறக்கிவிட்ட வீடு, கிணற்றடிபோலக் குளிர்ந்திருந்தது. நடைக் கல்தரையில், வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையோடு லாக்லன் மல்லாந்திருந்தார்.

"நாலு நாளா மத்தியானமானா இங்கதான் கிடக்குது. மிதிச்சிடாம வா," என்றார் நோரீன்.

"தினமும் கரண்ட் போயிடுது மேட்," என்றார் லாக்லன்.

"சன்னலைத் திறக்க வேண்டியதுதானே?"

"திறக்காது. அதான் அந்த வீட்டோட சிறப்பே."

நோரீன் கடிதத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "போடு."

"எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குல்ல, நோரீன்? இங்கயும் புதுசா கட்டினா கரண்ட் எவ்வளவு மிச்சம்!"

"இடிச்சுக் கட்டுறதுல போற புகையை அந்த மிச்சம் எப்ப ஈடுகட்டும்?" என்றேன்.

"நாப்பதே வருஷம்."

"உங்களுக்கு இப்ப வயசு?"

"அறுபத்தொண்ணு." புரண்டு, கன்னத்தைத் தரையில் பதித்தார். "இது என்ன கல்லு நோரீன்? ஜில்லுனு இருக்கே."

"இடிக்கும்போது பாத்துக்க."

"சாயங்காலம் கண்டிப்பா போட்டுத் தர்றேன்."

சாயங்காலம் மலைக்காற்று இறங்கியது. மின்சாரம் வந்தது. லாக்லன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வருடம் நீங்கள் பிடுங்கி எறிந்த மரச் சன்னல்களில் எத்தனை உளுத்திருந்தன? "அது வேற விஷயம்" என்கிறீர்கள். லாக்லனும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னார்.

இன்று புதன்கிழமை. நோரீனுக்கு வரவேண்டிய ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி.