அலோக்காரர் கட்டிய காப்பு

கொரோனாவைக் காது வலிக்க வைத்தே விரட்டியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கொல்லிமலையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். விஞ்ஞானிகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் அந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதில்லை, போகட்டும், விட்டுவிடலாம்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. மலை முழுக்க அவர் அலோக்காரர். கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் நோம்பித் திருவிழாவோ, எழவோ, எதுவானாலும் அவருடைய பழைய மொபெட் வந்து நிற்கும். பின்னால் கூம்பு ஒலிபெருக்கி, காலுக்கடியில் பேட்டரி, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு அவர். மைக்கை எடுத்து "அலோ... அலோ..." என்றால் எதிர்ச்சரிவில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும்.

மைக் பிடித்துப் பழகியதில் அவருக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதையும் இரண்டு முறை சொல்வார், இரண்டாவது முறை நிறுத்தி நிதானமாக. வீட்டில் சோறு கேட்பதும் அப்படித்தான். "அம்மிணி, சோறு போடு. சோறு... போடு." டீக்கடைக்காரர் புது ஆளாக இருந்தால் இரண்டு டீ வந்துவிடும். இவர் இரண்டையும் குடிப்பார். வந்த டீயைத் திருப்பி அனுப்பினால் மரியாதை இல்லையாம்.

மெல்லப் பேசுவது என்பது அவருக்குக் கைவராத கலை. ஒருநாள் என் அலுவலகத்துக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "ரகசியமுங்க சார், அந்த வார்டு மெம்பரு உங்க மேல கோவமா இருக்கறாருங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வார்டு மெம்பர், "இப்ப இல்லீங்க சார், அது போன மாசம்" என்று பதில் சொன்னார்.

நான் அப்போது மலைமேல் ஓர் ஊராட்சியில் செயலர். சொந்த ஊர் அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டி. ஊரடங்கு வந்து பஸ் நின்றதும் மேலேயே ஓர் அறையில் மாட்டிக்கொண்டேன். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை மக்களுக்குச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. செல்போனில் சிக்னல் வேண்டுமானால் பலாமரத்தில் ஏற வேண்டிய ஊர் அது. வேறு வழியில்லாமல் அலோக்காரரைக் கூப்பிட்டேன்.

முதல் சுற்றறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது படிக்கறதுக்கு எழுதுனதுங்க சார். கேக்கறதுக்கு எழுதுனதில்லீங்க."

"அதெல்லாம் மாத்தக் கூடாது. அரசாங்க அறிவிப்பு."

"மாத்த மாட்டனுங்க. இந்தச் சமூக இடைவெளின்னா என்னங்க?"

ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு மொபெட்டை உதைத்தார். கொஞ்ச நேரத்தில் மலை அதிர்ந்தது.

"அலோ... அலோ... ரேசன் கடைக்கு வாரவங்க கேட்டுக்குங்க. வரப்புத் தகராறு இருக்கற பங்காளி பக்கத்துல வந்தா எவ்வளவு தூரத்துல நிப்பீங்களோ, அவ்வளவு தூரத்துல நில்லுங்க. எவ்வளவு... தூரத்துல... நிப்பீங்களோ..."

மறுநாள் ரேஷன் கடை வரிசையைப் பார்த்து நான் அசந்துபோனேன். அப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரே சிக்கல், நிஜமாகவே வரப்புத் தகராறு இருந்த ஒருவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, எத்தனை கூப்பிட்டும் கிட்டவே வரவில்லை. அரிசியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

அரசாங்க அறிவிப்போடு அவராகவே சில சேதிகளையும் சேர்த்துக்கொள்வார். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரி என்றைக்கு வரும், அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சந்தை நடக்காது, அதனால் யாரும் பொடிநடையாக இறங்கிவிட வேண்டாம், ஒற்றைக் கொம்புக் கறுப்பாடு ஒன்று காணவில்லை. "இன்னாரு ஊட்டுல ஆம்பளப் புள்ள பொறந்திருக்குது. யாரும் பாக்கப் போகாதீங்க. இருக்கற எடத்துலயே சந்தோசப்பட்டுக்குங்க." இப்படிப் போகும்.

அரசாங்க அறிவிப்பில் ஆடு எதற்கு என்று நான் சத்தம் போட்டேன்.

"ஆட்டுக்காகத்தானுங்க சார் காது குடுக்கறாங்க. நடுவுல உங்க கொரோனாவ வெச்சுத் தாரேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மொபெட் சத்தம் கேட்டால் ஊரே பாறைமேல் ஏறி நிற்கும். கேட்டுவிட்டுப் போவதோடும் நிற்காது. சரிவிலிருந்து ஒரு பெண் வாயைக் குவித்துக் கத்துவாள், "ஏனுங்க அலோக்காரரே, சக்கர மாத்திர எப்பங்க வரும்?" இவர் மைக்கிலேயே பதில் சொல்வார். தெரியாவிட்டால், "செயலரக் கேட்டு நாளைக்குச் சொல்லறேன்" என்று என்னை மாட்டிவிடுவார். நானும் எத்தனையோ கிராம சபை நடத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எங்கே என்று பார்ப்பார்கள். கேள்வி கேட்கிற கிராம சபையை அந்த மொபெட்டுக்குப் பின்னால்தான் முதலில் பார்த்தேன். இளவட்டங்கள் தாங்களாகவே ஊர் முகப்பில் மூங்கிலைக் கட்டித் தண்ணீர்க் குடமும் சோப்பும் வைத்தார்கள். பெண்கள் பழைய வேட்டியைக் கிழித்து முகக்கவசம் தைத்தார்கள். எனக்கு அவர்மேல் பொறாமைகூட வந்தது.

அப்புறம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. காய்ச்சல், இருமல் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தனிமைப்படுத்தப்படுவார்கள் என்று இருந்தது. அலோக்காரர் அர்த்தம் கேட்கவில்லை. இத்தனை நாளில் அவருக்கே தைரியம் வந்துவிட்டிருந்தது.

"அலோ... அலோ... காச்சல், இருமல் இருக்கறவங்கள ஊட்டோட தள்ளி வெப்பாங்க. ஊட்டோட... தள்ளி... வெப்பாங்க."

கீழ்நாட்டுக்காரனான என் காதுக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. மலையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவரை ஊர் கூடித் தண்டிப்பதற்குப் பெயர்தான் தள்ளி வைத்தல். அந்த வீட்டுக்கு நெருப்பு கொடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள், எழவுக்குக்கூடப் போக மாட்டார்கள். இந்தக் காலத்தில் யாரையும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் சொல்லைக் கேட்டால் இப்போதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மறுநாளே மலையில் காய்ச்சல் ஒழிந்துவிட்டது. வீடு வீடாகப் போய் வந்த செவிலியர் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லயாம் சார்."

"நல்ல சேதிதானே?"

"எல்லா வீட்டிலயும் கஷாயம் கொதிக்குது. யாருக்குன்னு கேட்டா மாட்டுக்குங்கறாங்க."

இருமியவர்கள் எல்லாரும் மிளகு இடித்ததில் நெடி ஏறிவிட்டதாகச் சொன்னார்களாம். உரலே இல்லாத வீட்டிலும் மிளகு இடித்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, மலையிலேயே குண்டனி நாடு என்கிற பகுதியிலிருந்து அலோக்காரரின் தங்கை வீட்டுக்காரர் நடந்தே வந்து அலுவலக வாசலில் நின்றார். அலோக்காரரும் அப்போது அங்கேதான் இருந்தார்.

"மச்சான், கொஞ்சம் மெல்லப் பேசுங்க" என்று தொடங்கினார் அவர். "உங்க தங்கச்சி வெள்ளையம்மாளுக்கு நாலஞ்சு நாளாக் காச்சலுங்க. நேத்திருந்து மூச்சு எளைக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டேங்குது. புள்ளைக்குக் கண்ணாலம் நிச்சயமாயிருக்குது, தள்ளி வெச்ச ஊட்டுல எவன் பொண்ணெடுப்பான்னு கேக்குது. பொய்யா இருக்கும்னு சொன்னா, என்ற அண்ணனே மைக்குல சொல்லிட்டுப் போச்சு, அது பொய் சொல்லுமான்னு கேக்குது."

அலோக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தள்ளி நில்லுங்கன்னு சொல்லிச் சொல்லிப் பழகுன வாயிங்க சார். தள்ளி வெப்பாங்கன்னும் சொல்லிப்போட்டுது" என்றார். ஒரே முறைதான் சொன்னார்.

செவிலியரும் நானும் அவரோடு கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது வெள்ளையம்மாள் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். இருமல் வெளியே கேட்டது. ஓர் இருமலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவள் மூச்சுக்குத் திண்டாடியதும் கேட்டது.

"கண்ணு, நாந்தான். கதவத் தொற."

"நீங்க போயிருங்கண்ணா. ஊரு பாக்குது."

அலோக்காரர் கதவு இடுக்கில் வாயை வைத்து, அவரளவில் கிசுகிசுத்தார். "நா யாருக்கும் சொல்ல மாட்டேன் சாமி." எதிர்ச்சரிவில் கேழ்வரகுக் கொல்லையிலிருந்து ஒரு பெண், "என்னத்தச் சொல்ல மாட்டீங்க?" என்று கேட்டாள். சிரிக்கிற நேரமில்லை. ஆனாலும் செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலோக்காரர் கதவை விட்டு நகர்ந்தார். மொபெட்டிடம் போய் மைக்கை எடுத்தார். நான் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அலோ... அலோ... நாஞ்சொன்னது தப்புங்க. காச்சல் வந்தவங்கள யாரும் தள்ளி வெக்கப் போறதில்ல. அவங்களுக்குக் காப்புக் கட்டறோம். நோம்பிக்குக் காப்புக் கட்டுனவங்களத் தொடுவமா? அவங்க தட்டுல திம்பமா? மாட்டோம். தனியாத்தான் படுத்துக்குவாங்க. அதுக்காக அவங்கள ஊர உட்டா ஒதுக்கறோம்? வாசல்ல பண்டத்த வெச்சுக் கும்புட்டுட்டு வாரோம். இதும் அதேதானுங்க. மொதக் காப்பு என்ற தங்கச்சிக்கு. மொதக் காப்பு... என்ற... தங்கச்சிக்கு."

மறைத்து வைத்திருந்ததை இந்த மனிதர் ஏழூருக்குச் சொல்லிவிட்டாரே. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெள்ளையம்மாள் மகளின் கல்யாணம் போச்சு. கதவு திறக்காவிட்டால் தாயே போய்விடுவாள்.

ஊர்ப் பெரியதனக்காரர் மெல்ல நடந்து வந்து, வரப்புத் தகராறு தூரத்தில் நின்றார். நோம்பிக்குக் காப்புக் கட்டச் சொல்லி உத்தரவு கொடுக்கிறவர் அவர்தான்.

"ஏப்பா, காப்புக் கட்டுனவங்க ஊரெல்லையத் தாண்டக் கூடாதே. ஆஸ்பத்திரி கீழயல்ல இருக்குது?"

அலோக்காரர் மலைப்பாதையைக் கைகாட்டினார்.

"அம்மன் ஊர்வலம் போற தூரம் வரைக்கும் நம்ம எல்லைதானுங்களே. நா முன்னால மேளத்தப் போட்டுட்டுப் போறேனுங்க. வண்டி பின்னால வரட்டும்."

பெரியதனக்காரர் அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். இருமல் மறுபடி கேட்டது. "செரி. மஞ்சக் கயிறு கொண்டாங்க" என்றார்.

மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றை வாசற்படியில் வைத்துவிட்டு எல்லாரும் பின்வாங்கினோம். தாழ் விலகியது. முதலில் ஒரு கை மட்டும் வெளியே வந்து கயிற்றை எடுத்தது. பிறகு அவளே கட்டிக்கொண்டு வந்தாள். செவிலியர் அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டிப் பார்த்த வேகத்திலேயே ஆம்புலன்ஸுக்கு ஆள் ஓடியது.

கொண்டை ஊசி வளைவுகளில் அன்று இறங்கிய ஊர்வலத்தைப் போல இன்னொன்றை அந்த ரோடு பார்த்திருக்காது. முன்னால் மொபெட்டில் நாதஸ்வரக் கேசட் அலறுகிறது, பின்னால் ஆம்புலன்ஸ் சைரன் அலறுகிறது. "அந்தாள ஒதுங்கச் சொல்லுங்க சார்" என்று ஓட்டுநர் என்னிடம் கெஞ்சினார். வழியில் ரோட்டோரம் நின்ற பெண்கள் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அடிவாரம் வரை அவர் ஒதுங்கவே இல்லை.

மறுநாள் காய்ச்சல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாட்டுக்குக் கஷாயம் காய்ச்சியவர்கள் எல்லாரும் வரிசையில் வந்தார்கள், சரியான தூரம் விட்டு. காப்புக் கட்டிய வீட்டு வாசல்களில் கேழ்வரகு மாவும் வாழைத்தாரும் பலாப்பழமும் குவிந்தன. காய்ச்சலே இல்லாத ஒருவர் செவிலியரிடம், "எங்க ஊடு மட்டும் என்னங்க கொறஞ்சு போச்சு?" என்று சண்டைக்கு நின்றார். வெள்ளையம்மாளின் வாசலில் முதல் அரிசி மூட்டையை இறக்கியது சம்பந்தி வீட்டார். அலோக்காரர் அதையும் மைக்கில் சொன்னார்.

தங்கை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அறிவிப்புகளுக்கு நடுவே, "இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுதாமுங்க" என்று ஒரு சேதி வரும். மலையே அதற்காகக் காத்திருக்கும். நானும்தான். அந்தச் சேதி இல்லாத நாளில் அவர் சோறு தின்பதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அவள் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். ஊர் தூரமாக நின்று பார்த்தது. காப்பை அவிழ்க்க வேண்டும். அவள் நேரே அண்ணனிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினார். "தொட்டா ஒண்ணும் ஆகாது" என்று செவிலியர் சொல்லியும் நகரவில்லை.

"கிட்ட வாங்கண்ணா" என்றாள் வெள்ளையம்மாள். "உங்கள யாரு தள்ளி வெச்சாங்க?"

அலோக்காரர் குழந்தை மாதிரி அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தார். கண் மறைத்ததால் வெகு நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எனக்கு மாற்றல் வந்து கீழே இறங்கிவிட்டேன். இங்கே எல்லாச் சேதியும் செல்போனில் வந்து குவிகிறது, யாரும் பாறைமேல் ஏறி நின்று கேட்பதில்லை. நேற்று லேசாகக் காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். அலோக்காரர் என் பெயரை மலைக்குச் சொல்லி, "செயலருக்கும் ஒரு காப்புக் கட்டுங்க" என்று சொன்னால் சீக்கிரம் குணமாகிவிடும் என்று விடியும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது.