கலெக்டரம்மாவுக்குப் பதிலாகக் கேறியவன்

சத்தீஸ்கரில் ஏதோ ஒரு பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய ராசு மாமா அவர்களுக்கு, மல்லசமுத்திரத்திலிருந்து உங்கள் அக்கா மகன் இனியன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே அம்மா, அப்பா, எருமை, நான் எல்லோரும் சௌக்கியம். வரிசை அப்பா போட்டது. உங்களுக்கும் உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்கும் உடம்பு எப்படி? அங்கே நீங்கள் துளை போட்டால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, இங்கே நீங்கள் போன் போட்டாலே அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

அந்தச் சௌக்கிய வரிசையில் ஒரு பேர் விட்டுப்போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெண்ணிலா அத்தையின் காரியம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டி, அத்தை கலெக்டரம்மா என்று பேர் வைத்து வளர்த்த கோழியை அம்மாவிடம் நீட்டி, "அக்கா, இதைய மட்டும் பாத்துக்க" என்று ரிக் ஏறின நீங்கள், பொங்கலுக்கும் வரவில்லை. போனில் எங்களையெல்லாம் கேட்பதற்கு முன்னால் "கலெக்டரம்மா எப்படி இருக்கறா?" என்றுதான் கேட்கிறீர்கள். அதனால் போனில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உங்கள் வண்டிக்கு டிரைவராக வரும் சேவியர்ராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறோம். மாமா, கலெக்டரம்மா இப்போது இல்லை.

நடந்தது இதுதான். கலெக்டரம்மா அடைக்கு வந்து இறகைச் சிலுப்பிக்கொண்டு திரிந்ததும், அம்மா கூடையில் மணல் பரப்பி, அதன் முட்டைகளையே அதற்கு அடை வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகக் கூடாதென்று கரித்துண்டும் மிளகாயும் இரும்புக்கு உங்கள் ரிக்கின் உடைந்த பிட் துண்டும் சொருகி வைத்தாள். ஊரில் எல்லோரும் ஆணி வைப்பார்கள், நம் வீட்டில் பாறையைப் பிளக்கிற இரும்பு, அந்தக் கூடைக்குள் இடி என்ன, எருமை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றிருந்தோம். ஆனால் கலெக்டரம்மா தினம் ஒருமுறை எழுந்து, நாங்கள் போட்ட கம்புத் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராக உங்கள் பூட்டிய வீட்டு வாசலுக்குப் போய், அத்தை தீனி போடுகிற இடத்தைக் கிளறிவிட்டு, கதவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வரும். அம்மா விரட்டிப் பார்த்தாள், தூக்கி வந்து பார்த்தாள். கலெக்டரிடம் யார் பேச முடியும்? அந்த வாசலில் வைத்துத்தான் நாய் பிடித்துவிட்டது. நான் கல்லோடு ஓடியும் நாய்தான் ஜெயித்தது. திரும்பி வந்து கூடையில் கை வைத்தால் முட்டைகளில் சூடு அப்படியே இருந்தது மாமா.

அடுத்து அப்பா களத்தில் இறங்கினார். உங்கள் மச்சான் கோழிப்பண்ணை சூப்பர்வைசர், ஆயிரக்கணக்கான கோழிகளை மேய்ப்பவர்தான். ஆனால் அது முட்டைக்கோழிப் பண்ணை, அங்கே சேவலே கிடையாது, ஒரு முட்டையிலிருந்து குஞ்சு வந்து அவர் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. அதையெல்லாம் ஒத்துக்கொள்வாரா? பண்ணைக்குத் தடுப்பூசி மருந்து வருகிற தெர்மாகோல் பெட்டியில் ஒரு பல்பை மாட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எனக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையே உள்ளே வைத்து, "முட்டைக்கு எப்பவும் லேசாக் காச்சல் அடிச்சுட்டே இருக்கோணும்" என்று உத்தரவு போட்டார். அம்மா பிட் துண்டை அதற்குள்ளும் வைத்தாள். "ஏனுங்க, இடி இடிச்சா?" "பல்புக்கு இடி தெரியுமாடி?" "பல்புக்குத் தெரியாதுங்க, முட்டைக்குத் தெரியும்." எனக்கு முட்டையைத் திருப்பிப் போடுகிற உத்தியோகம். பரீட்சைக்குக்கூட நான் இப்படி எழுந்ததில்லை.

இதற்கு நடுவில் உங்கள் போன். கலெக்டரம்மாவை அடை வைத்த சேதியை அம்மா உங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். "அவகிட்டப் போனை வையி அக்கா, சத்தத்தைக் கேட்டுக்கறேன்" என்றீர்கள். அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் மாதிரி இருமி வகுப்பையே எழுந்து நிற்க வைத்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியவன் நான், அது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அம்மாவே "கத்துடா சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கொக்கொக்கொக் கொக்கேய் என்று கேறினேன். "இன்னொருக்கா" என்றீர்கள், திரும்பக் கேறினேன். பிறகு "செரி, நல்லா இருக்கறா" என்றீர்கள். அதிலிருந்து நீங்கள் கூப்பிட்ட போதெல்லாம் கலெக்டரம்மா நான்தான். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன் மாமா. இப்போதெல்லாம் கத்தி முடித்ததும் போனை அம்மா கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிடுகிறேன்.

சூறைக்காற்றில் டிரான்ஸ்பார்மர் போய், கரண்ட் போய், பெட்டி சில்லிட்டுப்போனது. அம்மா முட்டைகளைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சோறு பொங்கக்கூட எழவில்லை, "நீ என்ன அடைக்கா வந்திருக்கே?" என்று அப்பா கேட்டார், கேட்டுவிட்டு அவரே உலை வைத்தார். பொரிக்க வேண்டிய நாள் நெருங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டோம். உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். ஒவ்வொன்றும் கல் மாதிரி நின்றது. ஒன்று மட்டும் ஆடியது என்று அம்மா சொல்கிறாள், உன் கை நடுக்கத்தில் தண்ணீர் ஆடியது என்று அப்பா சொல்கிறார். அதை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறோம். பொரிக்கிற நாள் போயே போய்விட்டது. பல்பை அணைத்துவிடலாம் என்கிறார் அப்பா. அம்மா பல்புக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறாள்.

ஆக மாமா, அத்தை வீட்டுக் கோழியும் இல்லை, அதன் வம்சமும் இல்லை. இனி எதைக் காட்டி உங்களை ஊருக்குக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அங்கே சாப்பாட்டை விட்டுவிடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அம்மா அப்பாவின் ஆசீர்வாதமும் எருமையின் அன்பும் உரித்தாகுக.

இப்படிக்கு,
குரல் கொடுத்த குற்றத்துக்காக வருந்தும்
இனியன்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். கவரை ஒட்டப் போகையில் உங்கள் போன் வந்தது. வழக்கம்போலக் கேறினேன். "டேய் மாப்ளே, போதும்டா. முட்டை போட்ட கோழிதான் அப்படிக் கேறும், அடைக்கோழி கொர்ருங்கும். மொதநாளே தெரியும்" என்றீர்கள். அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள். "உங்க அத்தை அவளை எப்படிக் கூப்புடுவான்னா..." என்று நீங்களே "கொர்ர்... கொர்ர்..." என்று கூப்பிட்டீர்கள், நடுவில் குரல் உடைந்து போனை வைத்துவிட்டீர்கள். நீங்கள் பேசியதை உங்களுக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வைத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாதே! பெட்டிக்குள்ளிருந்து ஒரு "கீச்".

நான் இல்லை மாமா, சத்தியமாக நான் இல்லை. அப்போது அம்மா என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பா பல்பை இன்னும் கிட்ட இறக்கிக்கொண்டிருக்கிறார், ஓட்டில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. உடனே உங்களைக் கூப்பிடப் போன அம்மாவை நான்தான் தடுத்தேன். போனில் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சேவியர் அண்ணன் வந்து இறங்கின வண்டியிலேயே ஏறி வந்து, உங்கள் காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.