வண்டியில் விழுந்தது

எழுந்தான். பால் வைத்தான். ஈரக் குப்பையை ஒரு பையிலும் காய்ந்ததை இன்னொன்றிலும் போட்டு வாசலில் வைத்தான். பல் துலக்கப் போனான். மனைவி போன பிறகு அவன் காலைகள் எல்லாம் இப்படித்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"டேய், கண்ணாடித் தம்ளர் ஒண்ணு உடைஞ்சு போச்சு. பயப்படாத, கூட்டி வாரி வாசல்ல இருந்த பையில போட்டுட்டேன்."

"எந்தப் பையில?"

"ஏதோ ஒண்ணுல. குப்பைதானடா?"

கீழே குப்பை வண்டியின் மணி கேட்டது. வாசலில் பைகள் இல்லை.

வாயில் நுரையும் கையில் பிரஷ்ஷுமாக மூன்று மாடி இறங்கி ஓடினான். வண்டி தள்ளும் அம்மா தெருமுனையை எட்டியிருந்தார்.

"நிறுத்துங்க! கை வைக்காதீங்க!"

நுரை பறந்தது. அந்தம்மா ரெண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பைகளைத் தெருவில் இறக்கினான். அத்தனையும் ஒரே கறுப்பு. ஒன்றை அவிழ்த்தான், மீன் செதில். இன்னொன்றில் யார் வீட்டுப் பிள்ளையின் டயப்பரோ.

கடை திறக்க வந்த தையல்காரர் கையில் பேப்பரோடு நின்றார்.

"என்ன தொலைஞ்சுது?"

"யாரும் தொடாதீங்க!"

"அப்போ தங்கம்தான்" என்று முடிவுகட்டி அவரும் குனிந்தார்.

தெருவே கூடியது. ஆளுக்கொரு பை. அவன் ஒவ்வொரு கையாகத் தட்டிவிட்டான்.

"ஐயோ, கண்ணாடிங்க! வெறும் கண்ணாடி!"

"வைரம்" என்றார் தையல்காரர், பக்கத்தில் இருந்தவர் காதில். "வெளிய சொல்ல மாட்டேங்கிறான்."

இன்னும் வேகமாகத் தேடினார்கள்.

அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "தப்பா நினைக்காதீங்க. பொண்டாட்டி போனதுலேருந்து புள்ள இப்படித்தான். சாகும்போதும் அவ, 'என் புருஷனைப் பாத்துக்கோங்க'ன்னுதான் சொன்னா."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அன்று ஆம்புலன்சில் கூட இருந்தவன் அவன் மட்டும்தான். அக்காவை அவன் திருத்தியதில்லை.

முட்டை ஓடுகளுக்கு நடுவில் ஏதோ மின்னியது. தையல்காரரின் பேப்பரைப் பிடுங்கினான். சில்லுகளைப் பொறுக்கிச் சுற்றினான். இன்னொரு சுற்றுச் சுற்றினான். விரலில் ரத்தம்.

"இதுக்கா?" தையல்காரரின் முகம் தொங்கிப்போனது.

அந்தம்மா பொட்டலத்தைத் தனியே வைத்தார். உள்ளங்கையில் நீளமாக ஒரு தழும்பு.

"குப்பையில வெட்டுனா சும்மா ஆறாது தம்பி. சீழ் புடிச்சு ஒரு மாசம் படுத்துட்டேன். அதுக்கப்புறம் உங்க வீட்டுக் கண்ணாடி மட்டும் பேப்பர்ல சுத்தியே வரும். அந்தப் பொண்ணுதானே சுத்தும்?"

தலையாட்டினான். வாய்நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்குக் கையில தம்ளரோடதான் விழுந்தா. ஆம்புலன்ஸ்ல என் கையைப் புடிச்சுக்கிட்டா. அக்கா சொல்ற மாதிரி எல்லாம் சொல்லல."

"பின்ன என்னடா சொன்னா?" என்றாள் அக்கா.

"'கண்ணாடியைப் பேப்பர்ல சுத்திப் போடுங்க. அந்தம்மா கையைக் கிழிச்சிடும்.'"