ஈயம் தின்ற சூரியகாந்தி

நாம் சோற்றைச் செமிப்பதுபோலச் சூரியகாந்தி ஈயத்தைத் தின்று செமித்துவிடும் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதில் நம்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோப்பாயில் எங்கள் வளவின் பின்பக்கம் வருடக்கணக்காகப் பழைய கார் பற்றறிகளை ஈயத்துக்காக உடைத்தவன் நான்தான். பிறகு பற்றறிக் கடையைச் சந்திக்கு மாற்றினேன் (நிலத்தை எங்கே மாற்றுவது?). பிந்திப் பிறந்த ஒரே மகள் கனி அந்த மண்ணில்தான் சோறு காய்ச்சி விளையாடினாள். ஆறு வயதில் அவளுக்கு ஓயாத வயிற்றுவலி. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஈயம் என்றார்கள். எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிற நான் அன்றைக்கு விடவில்லை.

விவசாயப் போதனாசிரியை வந்து மண்ணைப் பார்த்தார்.

"சூரியகாந்தி போடுங்கோ அண்ணை. வேரால கொஞ்சம் கொஞ்சமா இழுத்தெடுக்கும். பிள்ளையை உள்ளுக்கை விடாதேங்கோ. பூத்து முடிய எனக்குச் சொல்லுங்கோ."

கம்பிவேலி அடித்தேன். விதைத்தேன். மூன்று மாதம் தண்ணீர் வார்த்தேன். காலையில் வேலியடியில் நின்று, "சாப்பிட்டாச்சோ?" என்று பூக்களைக் கேட்பேன். (இதைக் கண்ட மனைவி செல்வி, எனக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றாள்.)

பூ வாடியதும் அவருக்குச் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துக் கமக்காரன் பச்சைக் குழையை வீணாக எறியமாட்டான். மண்ணில் புதைத்துப் பசளையாக்குவான். அப்பா அப்படித்தான் செய்தார். நானும் செய்தேன். வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக வெட்டி, அதே நிலத்தில் புதைத்து நிரவிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் போதனாசிரியை வந்தார்.

"செடியெல்லாம் எங்கை, அண்ணை?"

"தாட்டாச்சு, தங்கச்சி."

"எங்கை தாட்டனீங்கள்?"

"இஞ்சதான்." பெருமையோடு காலால் தட்டியும் காட்டினேன்.

அவர் என் காலடியைப் பார்த்தார். "செடி ஈயத்தைச் செமிக்காது அண்ணை. தனக்குள்ளை வைச்சிருக்கும். நீங்கள் அதைத் திருப்பி மண்ணுக்கே குடுத்திட்டீங்கள்."

மண்வெட்டியோடு பாய்ந்தேன். குழை உக்கிப் பிசுபிசுத்தது. "செல்வி, சாக்கு கொண்டு வா! வாளி கொண்டு வா! பிள்ளையைப் பிடி!" என்று கத்தினேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

"விடுங்கோ அண்ணை, கிளறினா ஈயத் தூசுதான் கிளம்பும்."

கிணற்றுக் கட்டில் போய் இருந்தேன். செல்வி சொன்னாள்: "மூண்டு மாசம் விருந்து குடுத்திட்டு, கடைசியிலை விருந்தாளியைத் தாட்டுப்போட்டியளே!"

பின்னேரம் கனி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நான் இனி உள்ளுக்கை வரலாமோ?"

நான் வேலிக் கம்பியை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

இன்றைக்கும் நான் எந்த வேலையை முடித்துவிட்டேன் என்றாலும் தாயும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்: "எடுத்தாச்சோ, தாட்டாச்சோ?"

இப்போது மூன்றாம் தடவை விதைத்திருக்கிறேன். பிடுங்கியதைப் பீப்பாவில் மூடி, போதனாசிரியை சொன்ன இடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். மண்ணில் ஈயம் இன்னும் இருக்கிறது. கனியின் இரத்தத்தில் குறைந்துவிட்டது. சூரியகாந்தியால் அல்ல, வேலியால்.