நெடுந்தீவுக்கு ஓர் ஆறு

நெடுந்தீவின் கிழக்குக் குறிச்சிக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று வேண்டுமென்று ஊரவர் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். கேட்பது ஊரின் கடமை. பரிசீலிப்பது அரசாங்கத்தின் கடமை. இரு தரப்பாரும் தத்தம் கடமையைக் குறைவின்றிச் செய்து வந்தபடியால் இடையில் ஒரு சச்சரவும் இருக்கவில்லை.

அங்கே தோண்டிய கிணறெல்லாம் உப்பாகவே இருந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே வெகுதூரம் நடந்துதான் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர்களில் பரிமளம் என்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் வைத்திலிங்கம் எந்தப் பக்கம் போனாலும் வெறுங்குடத்தோடு அவர் எதிரே போய் நிற்பாள். வெறுங்குடம் எதிர்ப்பட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று விதானையார் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இதனால் அரசாங்க வேலை பல தடைப்பட்டது.

அந்த நாளில், அதாவது இரண்டாவது உலக யுத்தம் தொடங்குமுன், கொழும்பிலே பெரிய மனிதர்களுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. மோட்டார்க் கார் உள்ளவர்களெல்லாம் அதை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்கள். அதிலும் தார் றோட்டில் ஓடுவது நாகரிகக் குறைவு. சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதையிலே மலை ஏறி, காட்டுக்குள் நுழைந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, உடம்பெல்லாம் புழுதியோடு வீடு திரும்புவதுதான் நாகரிகம். மலைநாட்டில் அப்படி ஒரு நாள் ஓடிவிட்டு நன்றாகப் பசித்துச் சாப்பிட்ட ஒரு துரை, பசி என்கிற இந்தப் பாக்கியம் ஏழைப் பிரஜைகளுக்கும் கிடைக்கவேண்டுமே என்று மனம் இரங்கினார். உடனே 'உல்லாசச் சவாரிப் பாதை இலாகா' பிறந்தது. அதிலிருந்து ஒரு சுற்றுநிருபமும் பிறந்தது.

'ஒவ்வொரு பகுதியிலும் மலை, காடு, ஆறு ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்லும் கிறவல் பாதை ஒன்று இருத்தல் வேண்டும். அத்தகைய பாதை இல்லாத பகுதிக்குக் கிணறு முதலிய எவ்வித வேலைக்கும் அனுமதி வழங்கப்படமாட்டாது.'

இதை நிறைவேற்ற அந்த இலாகாவின் இன்ஸ்பெக்டர் பத்திநாதர் ஒரு சைக்கிளுடன் வள்ளத்தில் வந்து இறங்கினார். கடல் அவரை ஒரு பாடு படுத்தியிருந்தது. ஆனாலும் கடமையில் கண்ணாக இருந்தார்.

“விதானையார், உம்முடைய மலை எங்கே?”

“மலையோ? பனைமரத்திலை ஏறினால்தான் ஐயா இஞ்சை உயரம்.”

“காடு?”

“பனங்கூடல் இருக்குது.”

“ஆறு?”

“சுத்திவரக் கடல் இருக்குது ஐயா. அது காணாதோ?”

“கடல் வேறு இலாகா” என்றார் பத்திநாதர்.

குடத்தோடு நின்ற பரிமளம் கேட்டாள்: “மலையும் ஆறும் வந்தால் கிணறு வருமோ ஐயா?”

“சட்டப்படி வரத்தான் வேண்டும்.”

“அப்ப செய்வம்” என்றாள் பரிமளம்.

ஊர் கூடியது. தோட்டங்களைச் சுற்றியிருந்த கல்வேலிகளைப் பிரித்து, கடற்பாறையில் வெட்டிய முருகைக் கற்களை ஓரிடத்தில் குவித்தார்கள். ஆளுயரத்துக்குச் சற்று மேலே வந்ததும் எல்லாரும் களைத்துப்போனார்கள். மலைக்கு இவ்வளவு உயரம் வேண்டும் என்று சுற்றுநிருபத்தில் இல்லாதபடியால் பத்திநாதர் அதை மலையாக ஏற்றுக்கொண்டார். வேலி போன தோட்டங்களில் மாடுகள் இறங்கிக் குரக்கன் பயிரைத் தின்றன. மலைச்சாரலில் கால்நடைகள் செழித்து மேய்வதாக அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

பனங்கூடல் சிரமமின்றி வனமாயிற்று. ஆற்றுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. மாரி வெள்ளம் வடிந்தோடும் பள்ளம் ஒன்று குறிச்சிக்கு நடுவே கிடந்தது. மற்ற மாதங்களில் அதில் ஆடுகள் படுத்திருக்கும். பரிமளமே முன்னின்று ஆடுகளைக் கலைத்துவிட்டு இன்ஸ்பெக்டருக்கு அதைக் காட்டினாள்.

“தண்ணீரைக் காணவில்லையே?”

“ஐயா வரப் பிந்திப்போச்சுது. இப்பதான் ஓடி முடிஞ்சது.”

“ஓடி எங்கே போகிறது?”

“கடலுக்குத்தான்.”

“ஆறுகள் எல்லாம் கடலுக்குத்தான் போகின்றன. ஆகவே இது ஆறு.”

பின்பு முருகைக்கல்லையே உடைத்துப் பாதைக்குக் கிறவலாகப் பரப்பிப் பரீட்சைச் சவாரி நடந்தது. முருகைக்கல் சக்கரத்து ரயரைக் கிழித்துவிடும். சைக்கிளோ அரசாங்கச் சொத்து. ஆகையால் அதை மாட்டுவண்டியில் ஏற்றி, பத்திநாதரும் பக்கத்தில் அமர்ந்து, வளைவுகளில் மட்டும் மணி அடித்துக்கொண்டு போனார். பாதை சைக்கிளுக்கு மிகவும் உகந்தது என்று முடிவாயிற்று.

மலை, காடு, ஆறு என்று வந்துவிட்டால் அவற்றைக் காக்க ஆள் வேண்டாமா? காக்கித் தொப்பியும் விசிலும் மாதச் சம்பளமுமாக மலைக் காவலர், வனக் காவலர், ஆற்றுக் காவலர் என்று குறிச்சியில் வீட்டுக்கொருவர் உத்தியோகத்தர் ஆனார்கள். நேற்றுவரை ஓலை வெட்டிக்கொண்டிருந்தவன் இன்று ஓலை வெட்டுகிறவனைப் பிடித்தான். வனக் காவலர் மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. மலைக் காவலர், மலை ஏறி இறங்குவதால் மூச்சு வாங்குகிறது என்று லீவு கேட்டார். பரிமளத்தின் புருஷன் குழந்தைவேலுவுக்கு ஆறு கிடைத்தது. அவர் சாப்பிடும்போதும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

கடைசியில் கிணற்றுக்கும் மறுமொழி வந்தது. 'மேற்படி பகுதியில் ஆறு ஒன்று ஓடுவதால் கிணறு அநாவசியம். சவாரி செய்வோர் ஆற்றைக் கடக்கும் பொருட்டுப் பாலம் ஒன்றுக்கு அனுமதி வழங்கப்படுகிறது.'

பரிமளம் விதானையார் வீட்டு வளவுக்கே போய்விட்டாள்.

“ஆறு இல்லையெண்டு எழுதிப்போடுங்கோ.”

“ஆறு இல்லையெண்டால் பாதை இல்லை. பாதை இல்லையெண்டால் கிணறு இல்லைப் பிள்ளை.”

“ஆறு இருக்குதெண்டால்?”

“கிணறு தேவையில்லை.”

“அப்ப எப்பதான் கிணறு வரும்?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை” என்றார் விதானையார். அவர் உள்ளதைச் சொன்ன சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பாலத்துக்குத் தூண் நிறுத்த, பள்ளத்தின் நடுவே குழி வெட்டினார்கள். கல்லை உடைத்துக்கொண்டு கொஞ்சம் கீழே போனதும் தண்ணீர் ஊறியது. பரிமளம் குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டாள். உப்பு இல்லை. இன்னொரு தரம் அள்ளிக் குடித்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலமும் காலடியில் இதை வைத்துக்கொண்டு மேற்கே நடந்தோமே என்று குழிக்குள் இருந்தே அழுதாள். மேலே நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

பத்திநாதர் எட்டிப் பார்த்தார். “ஆற்றில் தண்ணீர் இருப்பது அதிசயமல்ல. குழியை மூடித் தூணை நிறுத்துங்கள்.”

“ஐயா, இது கிணறு!”

“கிணறு என்று சொல்லாதே. அனுமதியில்லாத கிணறு குற்றம். இது தூண் குழி.”

பரிமளம் குழிக்குள் நின்றபடியே கையை நீட்டி அவர் காலைப் பிடிக்கப் போனாள். பத்திநாதரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். குரலைத் தணித்துச் சொன்னார்: “ஒரு வழி இருக்கிறது. இது ஆறல்ல, வெறும் பள்ளம் என்று குறிச்சியார் எல்லாரும் என் முன்னால் சொல்லட்டும். பாலத்தை நிறுத்திவிடுகிறேன். இந்தக் குழியை நீங்கள் என்னவாவது செய்துகொள்ளுங்கள். ஆனால் ஆறு போனால் பாதை போகும். பாதை போனால் மலை, காடு, ஆற்று உத்தியோகமெல்லாம் போகும். எல்லாரும் தொப்பியைத் திருப்பித் தரவேண்டும்.”

குழிக்குள் நின்றபடி பரிமளம் தன் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுங்கோவன்.”

குழந்தைவேலு தொப்பியைக் கழற்றினார். உள்ளே எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்தார். திரும்பவும் தலையில் வைத்தார்.

“ஆறுதான் ஐயா” என்றார்.

“ஓம், ஆறுதான்” என்றார் மலைக் காவலர். வனக் காவலர்களும் அதையே சொன்னார்கள். விதானையார் தொப்பி போடாதவர். ஆனாலும் இரண்டு மருமக்களுக்குத் தொப்பி இருந்தபடியால் அவரும் தலையை ஆட்டினார். பரிமளத்தைக் கைபிடித்து மேலே தூக்கிவிட்டு, குழிக்குள் கல்லையும் சீமெந்தையும் கொட்டினார்கள்.

பாலம் நன்றாகவே அமைந்தது. அதன்மேல் சைக்கிள் ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் துரைக்குச் சைக்கிள் அலுத்து, தூண்டில் போடுவதில் ஆசை பிறந்துவிட்டது. நெடுந்தீவு ஆற்றில் என்னென்ன மீன் உண்டு என்று கேட்டு எழுதியிருந்தார். உகந்த மறுமொழியை விதானையார் யோசித்துக்கொண்டிருந்தார்.

பங்குனி வெயிலில் ஒருநாள் பரிமளம் தண்ணீருக்குப் புறப்பட்டு, நேர்வழியென்று பள்ளத்துக்குள் இறங்கினாள். ஆற்றுக் காவலர் குழந்தைவேலுவின் விசில் கேட்டது.

“இறங்காதை! பாலத்தாலை போ. ஆத்துக்குள்ளை நடக்கிறது குற்றம்.”

மேலே ஏறிப் பாலத்தால் போனாள். வெயில் உச்சிக்கு வந்தபோது நிறைகுடத்தோடு அதே பாலத்தால் திரும்பினாள். ஆற்றுக் காவலர் பாலத்து நிழலில் நாக்கு வறண்டுபோய் இருந்தார்.

“இஞ்சை, ஒரு வாய் தண்ணி தா.”

பரிமளம் குடத்தை இடுப்பில் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“ஏன், ஆத்திலை அள்ளிக் குடியுங்கோ” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மலைக் காவலரும் வனக் காவலர்களும் தங்கள் வீட்டுப் பெண்களும் நிறைகுடத்தோடு திரும்பி வருவார்களென்று பாலத்தடியில்தான் காத்திருந்தார்கள். அவள் சொன்னது அவர்களுக்கும் கேட்டது.