சாவியை இடுப்பில் கட்டிய வரன்

கிளென்ஹேசல், ஜோஹன்னஸ்பர்க்
ஞாயிற்றுக்கிழமை

கேப்டவுனில் மனைவி மக்களோடு வாழும் அருமைத் தம்பி ஹெர்ஷலுக்கு, அக்காள் ஃப்ரூமா எழுதுவது. இறையருளால் இங்கு உடல்நலத்துக்குக் குறைவில்லை. அங்கும் அவ்வண்ணமே என நம்புகிறேன்.

என் மகள் திர்ஸாவுக்கு நீ அனுப்பிய வரன் கைநழுவிப் போயிற்று. இவன் நான்காமவன் என்பதை நீ அறிவாய். பையனின் தாயார் பெஸ்யா அம்மாள் உன்னிடம் வேறுவிதமாகக் கூறக்கூடும் ஆதலால், நடந்ததை உள்ளபடி வரைகிறேன்.

தாயும் மகன் அகீவாவும் வெள்ளி நண்பகலில் வந்து சேர்ந்தனர். விளக்குப் போடுவதும் காகிதம் கிழிப்பதும்கூட வேலையாகிவிடும் நம் யூத ஓய்வுநாளாம் ஷபஸுக்கு வரும் விருந்தினர் அறிய வேண்டிய யாவற்றையும் பொழுது சாயுமுன்பே எடுத்துரைத்தேன். குளிர்பெட்டியின் விளக்கைக் கழற்றியாயிற்று, அச்சமின்றித் திறக்கலாம். சுவிட்சுகளின் மேல் ஒட்டிய நாடாவைப் பிரிக்கலாகாது. சூட்டுத்தட்டின் மேலுள்ள இரவெல்லாம் வேகும் சோலெண்டுக் குழம்புப் பானையைக் கிளறலாகாது. கழிப்பறைக் காகிதம் முன்னரே கிழித்து அடுக்கப்பட்டுள்ளது. வாயிற் கம்பிக்கதவின் மின்பொறியை நிறுத்திவிட்டபடியால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவியே வழி. இதைச் சொல்லி முடிக்கையில் ஜெபக்கூடத்திலிருந்து செய்தி வந்தது: ஆலங்கட்டி மழையில், பேட்டை முழுவதையும் ஒரே வீடாகக் கொள்ளச் சுற்றிக் கட்டிய ஏருவ் எல்லைக்கம்பி அறுந்துவிட்டது. கம்பி அறுந்த வாரத்தில் வீதியில் கைக்குட்டைகூடச் சுமக்கலாகாது. ஆனால் உடுத்தியிருப்பது சுமையன்று. அதற்கென்றே, சாவியைக் கொக்கியாகக் கொண்ட இடுப்புவார் ஒன்று வீட்டில் உண்டு. காலஞ்சென்ற என் கணவருடையது. அதை அகீவாவுக்கு அணிவித்து, "அது வாராகவே பயன்பட வேண்டும், சொந்த வாரைக் கழற்றிவிடு" என்று தெளிவாகக் கூறினேன். என் கணவரின் சுற்றளவு உனக்குத் தெரியும். பையனோ பென்சில்; புதுத் துளையிட்டு இறுக்கினேன்.

மறுநாள் திர்ஸா தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஜெபக்கூடத்தில் வழிபாடு முடிந்ததும் நானும் பெஸ்யா அம்மாளும் கிச்சல் பிஸ்கட்டுக்கும் உப்பு மீனுக்குமாகச் சற்றே தாமதித்தோம். அகீவா முன்னே சென்றான். நாங்கள் வந்து பார்க்கையில் அவன் வாயிற்கதவைத் தழுவி நின்றான்.

"என்னடா, கதவைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறே?" என்றார் தாயார்.

"சாவி பூட்டுல இறுகிடுச்சும்மா. திரும்பவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது."

"வாரைக் கழட்டிட்டு வாயேன்!"

"கழட்டினா கால்சட்டை கீழே போயிடும்."

"கையில பிடிச்சுக்கோடா!"

"கொக்கியைக் கழட்டவே ரெண்டு கை வேணும்மா. கத்தாதே, எல்லாரும் பார்க்கறாங்க."

பார்க்கத்தான் செய்தார்கள். எதிர்வீட்டு ரோகிலா நின்று நிதானமாக, "குட் ஷபஸ், ஃப்ரூமா! மாப்பிள்ளைக்கு உன் வீடு ரொம்பப் பிடிச்சிடுச்சு போலிருக்கே!" என்றாள். பெஸ்யா அம்மாள் மகனைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். தலைவலிக்காரி திர்ஸாவோ கம்பிகளுக்கு உட்புறம் நாற்காலி போட்டு அமர்ந்து, "அவரை ஏன் இழுக்கறீங்க ஆன்ட்டி? நல்லாத்தானே நிக்கிறாரு!" என்றாள்.

இறுதியில் நான் போர்த்தியிருந்த ரோஜாப்பூச் சால்வையை அவன் இடுப்பில் சுற்றி, வாரை அவிழ்க்கச் செய்து, இரு கைகளாலும் பூட்டைத் திறந்தேன். பெண் பார்க்க வந்த பையன் பூப்பாவாடையோடு என் கூடத்தில் நுழைந்தான். சோலெண்டை இருமுறை வாங்கி உண்டான். விண்மீன் தோன்றி ஓய்வுநாள் முடிந்ததும் பெஸ்யா அம்மாள் பெட்டியைத் தூக்கினார். "எம்பிள்ளையை ஊர் சிரிக்க நிறுத்தின வீட்டுல சம்பந்தமா? நல்லா இருக்கு!"

விதிமுறையில் நான் எள்ளளவும் தவறவில்லை. ஆயினும் இனி நீ அனுப்பும் வரன்கள் தத்தம் இடுப்புக்கேற்ற வாரோடு வரட்டும். அவர்களின் தாயார்கள் அடுத்த விமானத்தில் வரட்டும்.

உன் இல்லத்தில் அமைதியும் நிறைவும் தங்குக.

அன்புள்ள அக்காள்,
ஃப்ரூமா

பி.கு.: உறையை ஒட்டும் வேளையில் திர்ஸா இதை வாசித்தாள். "முடிஞ்சு போச்சுன்னு யார் சொன்னா? முன்னாடி வந்த மூணு பேரும் ஒரு கேள்வி கேட்டதுமே கடிகாரத்தைப் பார்த்தாங்க. நீங்க வர்ற வரைக்கும் கதவுல மாட்டிட்டு நின்ன இவரால எங்கேம்மா போக முடியும்? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு. எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்க அம்மாகிட்டயும் காலையில பேசிட்டாராம், சரின்னுட்டாங்க." ஆகவே மேலே எழுதிய எதையும் எவரிடமும் வாசித்துக் காட்டாதே. சம்பந்தியம்மாளை நான் அன்போடு விசாரித்ததாக மட்டும் சொல்.