சீனியர் வீட்டு மீன்களின் ஏகாதசி

தாராள மனசு உள்ளவனிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், உயிருள்ள பிராணியை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். ஜூனியர் என்றால் அவருடைய கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குப் போய், அவர் இருமினால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன். கோடை விடுமுறைக்கு நீலகிரி புறப்பட்டபோது சீனியர், கண்ணாடித் தொட்டியில் வளர்த்த இரண்டு தங்க மீன்களை என்னிடம் விட்டார்.

"தினம் ஒரு சிட்டிகை தீனி. அதுக்கு மேல போடப்படாது. பத்திரமா பாத்துண்டா, கோர்ட் திறந்ததும் ஒரு கேஸ்ல உன்னையே பேச விடறேன்" என்றார்.

அந்த முதல் கேஸுக்காகத்தான் நான் தவம் கிடந்தேன். ஆனாலும் சிட்டிகைக் கணக்கை நம்பவில்லை. ஜூனியர்களுக்கு அரை டம்ளர் காபி கொடுக்கும் மகானுபாவர் அவர். மீனுக்கும் அதே கைதானே அளந்திருக்கும்?

என் மனைவி கோமளம் தொட்டியைப் பார்த்து, "உசிரோட இருக்கற வரைக்கும்தான் இது ஆத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டாள்.

காலையில் ஒரு பிடி போட்டேன். நான் காபி குடிப்பதை மீன் பார்த்தது (பார்த்த மாதிரி இருந்தது), இன்னொரு பிடி. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடுகிற ஊர் எங்களுடையது. வெயிலில் குளம் வரை நடக்காமல் என் வீட்டுக் கூடத்திலேயே புண்ணியம் கிடைத்தால் விடுவார்களா? எதிர்வீட்டுப் பஞ்சு மாமா மடியில் பொரியைக் கட்டிக்கொண்டே வருவார்.

சில நாளில் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

"பாவம், பசி தாங்கலை பாரும்" என்றார் மாமா. நான் உடனே தீனி டப்பாவை எடுத்தேன்.

மறுநாள் காலை ஒரு மீன் ஒருக்களித்துக் கிடந்தது. மற்றதும் அதே யோசனையில் இருந்தது.

"கோமளம், என் கேஸ் போச்சு" என்றேன்.

அவள் பாதித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, அண்டாவில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டாள். நான் பழக்க தோஷத்தில் டப்பாவைத் திறக்க, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஏகாதசி. இந்தாத்துல யாருக்கும் சாப்பாடு கிடையாது. மீனுக்கும்தான்."

பொரியோடு வந்த பஞ்சு மாமா வாசலோடு திரும்பினார். நானும் பட்டினி, மீனும் பட்டினி. (மீன் அடங்கிக் கிடந்தது. நான்தான் சமையலறையை எட்டி எட்டிப் பார்த்தேன்.) துவாதசி காலையில் பயந்துகொண்டே கூடத்துக்குப் போனேன். இரண்டும் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தன. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. அதன் பிறகு டப்பா கோமளத்தின் வசம் போயிற்று. தினம் ஒரு சிட்டிகைதான்.

சீனியர் ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கே வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பேஷ். சொன்னதைக் கேக்கறவன் நீ" என்று கேஸைக் கொடுத்தார். கதவுக்குப் பின்னால் கோமளம் இருமினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் ஒரே வைத்தியம். எனக்கு ஜுரமா, பிள்ளைக்கு வயிற்றுவலியா, பெண் பரீட்சையில் கோட்டை விட்டாளா, கோமளம் முதலில் அடுப்பை அணைத்துவிடுவாள். நான் முனகினால் பிள்ளையும் பெண்ணும் அவளுக்கு முன்னால் முந்திக்கொள்வார்கள்:

"மீனே பொழைச்சுது. உங்களுக்கு என்னப்பா?"